பாணனுக்கு ஒரு நாற்காலி

ஒருவருக்கு நாம் செய்வது மரியாதைதானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? செய்கிறவரா, பெற்றுக்கொள்கிறவரா? உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் சரித்திரமும் போதித்து அண்மையில் ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கேள்வி படிப்பினால் உண்டானதன்று. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேலிக் பாணன் ஒருவன், வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு என் தயவால் வந்து சேர்ந்தான். அவன்தான் ஒரு தோல் கிடங்கின் வாசலில் என்னை நிறுத்திவைத்து இதைக் கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

இப்போது எங்கள் பக்கம் பேசும்படம் வந்துவிட்டது. ஆண்டு விழாவில் மாணவர் நாடகம் இனியும் தேவைதானா என்று இளைய ஆசிரியர்கள் யோசிக்கிறார்கள். நாடகத்தால் மாணவர்களுக்கு உண்டாகும் நன்மைகளை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மாணவர்கள் அடைந்த நன்மையை மாணவர்களே சொல்லட்டும். ஆசிரியர் ஒருவர் அடைந்த நன்மையை மட்டும் நான் சொல்ல முடியும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் பி.ஏ. தேறினேன், சைதாப்பேட்டையில் போதனா முறை கற்றேன். சாக்கட்டியை எப்படிப் பிடிப்பது என்பதையும் சமூகத்தை எப்படிச் சீர்திருத்துவது என்பதையும் அறிந்துகொண்டு வேலைக்கு வந்தேன். முதலாவது பிற்காலத்தில் பயன்பட்டது. எதைச் செய்யும் முன்னும் அதன் விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பது என் சுபாவம். ஆனால் நான் எடைபோட்டு முடிப்பதற்குள் விளைவே வந்து கதவைத் தட்டிவிடும்.

எங்கள் தலைமையாசிரியர் மக்ரே துரை கேலிக் மொழி பேசும் தீவொன்றில் பிறந்தவர். ஆங்கிலம் தமக்குப் பிரம்பால் புகட்டப்பட்ட மொழி என்று சொல்வார். தமிழைப் பாதி ஒரு வித்துவானிடமும் பாதி தம் சமையற்காரரிடமும் கற்றவர். ஆகவே, "தாங்கள் கூறுவது யாவும் மெய், ஆனால் ரொம்ப பேஜார்" என்ற ரீதியில் பேசுவார். எவரேனும் புகாருடன் அவர் அறைக்குள் போனால், கைகள் வைத்த பெரிய தேக்கு நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடிக் கேட்பார். வந்தவர் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து, "பிறகு?" என்பார். கோபமாக அல்ல, கதை கேட்கும் ஆவலோடு. வந்தவர் இன்னும் சிறிது சொல்வார். மறுபடியும் "பிறகு?" அதற்குள் புகார் பாதியாகக் குறைந்திருக்கும். மூன்றாவது "பிறகு?" வருவதற்குள் பெரும்பாலோர் தங்கள் மேலேயே புகார் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நான் பல முறை சொல்லியிருக்கிறேன்.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மழைக்கால மாலைகளில் துரை தம் முன்னோரின் வீரகதைகளை ஆசிரியர்களுக்குச் சொல்வார். மூடுபனி படிந்த மலைகள், கடற்கரையில் எதிரெதிரே பாசறையிட்ட இரண்டு சேனைகள், தோல் போர்த்திய வட்டக் கேடயங்கள், போருக்கு முன் அரசன் ஈட்டியின் அடித்தண்டால் தன் கேடயத்தை அறைந்து எழுப்பும் ஓசை. இவற்றைவிட என்னைக் கவர்ந்தவன் அந்தக் கதைகளில் வரும் பாணன். அவன் இரண்டு சேனைகளுக்கும் நடுவே ஆயுதமின்றி நடந்து போவான்; அவன்மேல் கை வைக்க எவனும் துணியமாட்டான். அரசனின் முழங்கைக்கு அருகே அவன் இருக்கை. அவன் புகழ்ந்தால் ஒருவன் சாகாமல் இருப்பான். பழித்தால் உயிரோடு செத்துப்போவான். போரில் மாண்டவனுக்காகப் பாணன் பாடும் வரை, மாண்டவனின் ஆவி மலைப்பனியில் வழி தெரியாமல் திரியுமாம். ஆகையால் அந்த வீரர்கள் நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை, ஒரு பாட்டைக் கேட்டார்கள் என்று துரை சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நம் பழம்பாடல்களிலும் இதே மனிதர்கள் உண்டு என்று உடனே ஒப்பிட்டு, ஊர்ச் சங்கத்தில் ஒரு பிரசங்கமும் செய்தேன். கடைசி வரை விழித்திருந்தவர் விளக்கேற்றுகிறவர் ஒருவரே. அவர் விளக்கை அணைக்கக் காத்திருந்தார்.

துரை சொன்ன கதைகளைக் கோத்து ஆண்டு விழாவுக்கு ஒரு தமிழ் நாடகம் எழுதினேன். மலைநாட்டு இளவரசன் முதற்காட்சியிலேயே போரில் விழுகிறான். அவன் தந்தை பழி வாங்கப் படையெடுக்கிறான். முடிவில் இரு தரப்பும் ஓய்ந்தபின், பாணன் இளவரசனின் உடலருகே நின்று இரங்கற்பா பாடுகிறான். கேட்டு உருகிய அரசன் எழுந்து தன் ஆசனத்தைப் பாணனுக்குக் கொடுக்கிறான். கேலிக் பெயர்களில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஓர் ஓசை உண்டு. எங்கள் மாணவர்கள் அதை உச்சரித்தபோது முன்வரிசையில் இருப்பவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஆகவே பெயர்களை எடுத்துவிட்டு மலைநாட்டான், கடல்நாட்டான் என்று வைத்தேன். இரங்கற்பாவை மட்டும் குறைக்கவில்லை. "மஞ்சுசூழ் வெற்பின் மணிமுடி மைந்தனே, துஞ்சினை நீயும், துஞ்சுமோ நின்புகழ்?" என்று தொடங்கி அது ஒரு மலையேற்றம்போல் நீண்டுகொண்டே போகும். படித்துப் பார்த்த சக ஆசிரியர்கள் அனைவரும் தனித்தனியே என்னிடம் வந்து, அதைப் பாதியாக வெட்டலாம் என்றார்கள். மூலத்துக்குத் துரோகம் செய்ய இயலாது என்று மறுத்தேன். மூலம் துரைக்கே சரியாக நினைவில்லை.

வேடங்களைப் பங்கிடும் முறை துரை ஏற்படுத்தியது. அதைப் பற்றி எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. ஓர் அறையில் கரும்பலகைகளை வரிசையாக நிறுத்தி ஒரு மறைப்பு உண்டாக்குவோம். வேடம் விரும்புகிறவர்களுக்குப் பியூன் இலக்கம் கொடுப்பார். செருப்பின் ஓசையால் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எல்லோரும் வெறுங்காலுடன் பின்வாசல் வழியாக வந்து, பலகைக்கு அப்பால் நின்று, ஒரே பகுதியை வாசிக்க வேண்டும். இப்பால் துரை, சித்திர ஆசிரியர், நான் ஆகிய மூவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். குரல் பிடித்தால் அந்த இலக்கமிட்ட கொட்டாங்கச்சியில் ஆளுக்கொரு புளியங்கொட்டை. "காதுக்கு ஜாதி தெரியாது" என்பது துரையின் வாக்கு. நான் அதை இரண்டு கூட்டங்களில் என் வாக்காகவே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டு எல்லாப் புளியங்கொட்டைகளும் ஒரே கொட்டாங்கச்சியில் விழுந்தன. பலகைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டவன் தேவசகாயம். அக்காலத்தில் பள்ளி இறுதி வகுப்பில் மீசை முளைத்தவர்களே அதிகம். அவனுக்கும் பத்தொன்பது வயது. அவன் தந்தை யோபு தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரர். பச்சைத் தோலை மயிர் கழலும்படி சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் புரட்டும் வேலை அது. பாணன் வேடம் தேவசகாயத்துக்கு என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

ஒரு புளியங்கொட்டையும் பெறாதவன் ரங்கநாதன். பள்ளிகொண்டாவுக்கு அருகே ஒரு கிராமத்தின் மணியக்காரர், அதாவது ஊர் நிர்வாகமும் நிலமும் கையில் உள்ளவர், அவன் தகப்பனார். பையனின் குரல் எண்ணெய் காணாத கதவு. ஆனால் நாடகத்தில் சேராவிட்டால் தகப்பனார் வருத்தப்படுவார் என்றான். எனவே முதற்காட்சியில் விழுந்து கடைசி வரை பேசாமல் கிடக்கும் இளவரசன் வேடத்தை அவனுக்குக் கொடுத்தோம். "வசனமே இல்லையா சார்? ரொம்ப நல்ல வேஷம்" என்று மனமாரச் சந்தோஷப்பட்டான்.

தேவசகாயத்தின் குடும்பம் புறப்பட்டு வந்ததும் அதே கிராமத்திலிருந்துதான். இது எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டு செய்திகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலைக்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள்.

நற்செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் கிடங்குக்குப் போனேன். இடைவேளை. யோபு தொட்டியடியில் முழங்கை வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ரூத் கஞ்சி கொண்டுவந்திருந்தார்.

"வாங்க சார். இன்னா, பையன் எதனா தப்பு தண்டா பண்ணிட்டானா?" என்றார் யோபு.

"தப்பா? உங்க பையனுக்கு நாடகத்துலேயே பெரிய வேஷம் கிடைச்சிருக்கு."

"ராஜாவா?" என்றார் ரூத்.

"ராஜாவுக்கும் மேலே. பாணன்."

"அப்பிடின்னா?"

"ராஜா வீட்டுல சாவு விழுந்தா வந்து பாடறவன். அவன் பாடினாத்தான் செத்தவனுக்குக் கதி."

ரூத் சிரித்தார். "இத்துக்குத்தான் இங்கிலீசு படிக்க வெச்சமா?"

யோபு சிரிக்கவில்லை. "செத்துப்போறது யாரு?"

"இளவரசன். உங்க ஊர் மணியக்காரர் பையன்தான் அந்த வேஷம்." இங்கே நிறுத்தியிருந்தால்கூட ஒருவேளை பிழைத்திருப்பேன். ஆனால் கேலிக் பாணன் கையில் யாழ் வைத்திருப்பான்; நமக்கு யாழ் கிடைக்காது; உள்ளூர்க் கருவி ஒன்று இருந்தால் காட்சி இயற்கையாக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "உங்க வீட்டுல பழைய பறை எதாவது இருந்தா…" என்றேன்.

யோபு இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், இந்தக் கைய பாருங்க" என்றார் யோபு. "சுண்ணாம்பு தின்னுட்டுது. நகம் இருக்குதா? இந்த வேலைக்கு இன்னாத்துக்கு வந்தேன்? அந்தப் பையனோட தாத்தா செத்தப்ப என்னை அடிக்கக் கூப்ட்டாங்க. எங்கப்பன் அடிச்சான், அவனப்பன் அடிச்சான். நான் மாட்டேன்னேன். களத்துல சேர்க்கல, கெணத்துல சேர்க்கல, கூரையப் பிரிச்சுப் போட்டாங்க. பறைய அங்கியே ஒடைச்சுப் போட்டுட்டு வந்தேன். இப்ப அந்த வீட்டுப் பேரன் செத்தாப்புல படுப்பான், என் புள்ள பக்கத்துல நின்னு பாடுவான். அத்த பாக்க ஊரே வண்டி கட்டிக்கினு வரும். நல்ல வேஷம் சார்."

கேலிக் பாணன் எத்துணை உயர்ந்தவன் என்று நான் விளக்கத் தொடங்கினேன். இரண்டு சேனைகளுக்கு நடுவே நடப்பதைச் சொன்னேன். அரசனின் முழங்கையைச் சொன்னேன். நடுவில் எங்கேயோ யோபு எழுந்து வேலைக்குப் போய்விட்டார். எஞ்சியதை ரூத்துக்கும் அங்கே நின்ற ஆடுகளுக்கும் சொல்லி முடித்தேன்.

குழியிலிருந்து யோபுவின் குரல் வந்தது. "நாளையிலேர்ந்து பையன் வரமாட்டான் சார். இங்க ஆளு கம்மியா கீது."

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. இப்போது நின்றால் தேவசகாயம் தேர்வு எழுத முடியாது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் மறுபடியும் வகுப்புக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்தில் எழுத்து அறிந்த முதல் ஆள் அவன். வாழைப்பழத்தை ரூத் வாங்கவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு துரையின் அறைக்குப் போனேன்.

துரை கண்ணை மூடிக் கேட்டார். "பிறகு?"

"யாழுக்குப் பதிலாக…" என்று இழுத்தேன்.

"பிறகு?"

"பறை கேட்டேன்."

துரை மூன்றாவது முறை கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை யோபுவின் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் துரை உட்கார்ந்தார். பாணரின் பெருமையை என்னைவிட நன்றாக எடுத்துரைப்பார் என்று நம்பி நான் ஓரமாக நின்றேன். அவரோ வேறொன்றைச் சொன்னார். "என் பாட்டனார் பாணர் வம்சம். எங்கள் தீவின் தலைவனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்கள். பின்பு தலைவன் மகன், மனிதரைவிட ஆட்டில் லாபம் ஜாஸ்தி என்று கண்டு, ஜனங்களைத் துரத்தி மலையெங்கும் ஆடு விட்டான். அவன் மாண்டபோது என் பாட்டனாரை அழைத்தனர். அவர் பாடினாரில்லை."

யோபு துரைக்கு எதிரே வந்து நின்றார். "உங்க தாத்தா பாடல."

"இல்லை."

"அப்ப என் புள்ள மட்டும் இன்னாத்துக்குப் பாடணும்?"

நான் துரையிடம் பணிபுரிந்த காலம் முழுவதிலும் அவர் "பிறகு?" என்று கேட்க முடியாமற்போன இடம் அது ஒன்றே. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

உள்ளேயிருந்து தேவசகாயம் வந்தான். "அப்பா, நான் பாடறேன்."

"நீ சும்மா இருடா."

"பாட்டு எனக்குப் புடிச்சிருக்குப்பா. நின்னுகினு பாடத்தான் புடிக்கல."

யோபு கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். "கதையில ராஜா எப்ப எடம் குடுக்கறான்?" என்று என்னைக் கேட்டார்.

"பாட்டு முடிஞ்சதும். மனம் உருகி…"

"பாடினப்புறம் குடுத்தா அது கூலி. எங்களுக்குந்தான் நெல்லு குடுத்தாங்க. மொதல்ல குடுக்கட்டும். என் புள்ள நாற்காலில உக்காந்து பாடட்டும், செத்தவன் வீட்டுக்காரன் நின்னு கேக்கட்டும். நான் வந்து பாப்பேன். என் புள்ள கையக் கட்டிக்கினு நின்னான்னா மறுநாள் குழிக்கு வந்துடுவான். அவ்ளோதான்."

"ஒப்புக்கொண்டோம்" என்றார் துரை. மூலத்தில் அப்படி இல்லையே என்று நான் முணுமுணுத்ததை இருவரும் கேட்காதவர்போல் இருந்தார்கள். தேவசகாயம் மறுநாள் வகுப்புக்கு வந்தான். ஆனால் அவன் தேர்வெழுதுவானா என்பது ஆண்டு விழா மாலையில்தான் தீர்மானமாகும்.

செய்தி பள்ளிகொண்டாப் பக்கம் போக நாளாகவில்லை. மணியக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"துரைகளே, எம்புள்ள செத்துக் கிடக்கிறப்ப அந்தப் பையன் நாற்காலியில குந்தறதா?"

"பிறகு?"

"ஊர்ல நான் தலை நிமிந்து நடக்க வாணாமா?"

"பிறகு?"

"பையன இந்த வேஷத்துலேர்ந்து எடுத்துடுவேன்."

அப்போது வாசலில் நின்ற ரங்கநாதனே, "அப்பா, அப்பிடிச் செய்யாதீங்க. ராஜா வேஷம் குடுத்துடுவாங்க, அதுல நாலு பக்கம் வசனம் கீது" என்றான். மணியக்காரர் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியேறினார். "நாற்காலி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்று ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் விளைவுகளை எடைபோட உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தால் மணியக்காரர் கலவரம் செய்வார். இல்லாவிட்டால் தேவசகாயம் குழிக்குப் போவான். ஆகவே, நாற்காலி இருக்க வேண்டும், ஆனால் இருப்பது தெரியக்கூடாது. இந்த முடிவுக்கு வந்தபோது எனக்கு என் மேலேயே மதிப்பு உண்டாயிற்று. துரையின் தேக்கு நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். கேடயங்களுக்குத் தோல் கொடுத்திருந்த கிடங்கு முதலாளி ஹாஜியாரிடம் ஒரு பெரிய எருமைத் தோலும் கேட்டேன். "சார், நிசமாவே சண்டைக்குப் போறீங்களா, நாடகத்துக்கா? நாடகம்னா திருப்பிக் குடுத்துடணும்" என்றார் அவர். தோலை நாற்காலிமேல் போர்த்தி, மேடை நடுவே ஒரு மலைப்பாறையாக வைத்தேன். யோபு பார்த்தால் அது நாற்காலி. மணியக்காரர் பார்த்தால் அது பாறை. தேவசகாயத்திடம், "பாறைமேல் உட்கார்வதுபோல் உட்கார்" என்று மட்டும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாத மாணவன் சம்மதித்துவிட்டான் என்று கருதுவது எங்கள் தொழிலின் பழைய நோய்.

ஆண்டு விழா மாலை. மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் துரை, அவருக்கு வலப்புறம் மணியக்காரர், இடப்புறம் ஹாஜியார். யோபு வேலை முடிந்து அப்படியே வந்து, பின்சுவரில் சாய்ந்து நின்றார். தோல் சரியாக உலரவில்லை. விளக்குச் சூட்டில் அதன் வாடை மேடையிலிருந்து இறங்கி மண்டபத்துக்குள் உலாவியது. எங்கள் ஊரார் மூக்கைச் சுளிக்கவில்லை. வெளியூரார் ஒருவரையொருவர் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டார்கள்.

கேடயங்கள் அறையப்பட்டன. ரங்கநாதன் மிகத் திறமையாகச் செத்தான். போர்கள் நடந்தன, ஓய்ந்தன. கடைசிக் காட்சியில் மலைநாட்டு அரசன் தன் படையுடன் மகனைச் சுற்றி நிற்க, தேவசகாயம் மேடைக்கு வந்தான். கையில் கருவி ஒன்றும் இல்லை. பாறைக்கு முன் நின்றான். நான் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து உட்காரும்படி சைகை செய்தேன்.

அவன் குனிந்து எருமைத் தோலின் இரு முனைகளைப் பிடித்து இழுத்தான். உதறினான். கிடங்கில் தோலை மடிப்பதுபோல் முதுகுக் கோட்டில் ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே ஒரு மடிப்பு. அவசரமில்லாமல் மடித்து ஓரமாக வைத்தான். விளக்கொளியில் தேக்கு நாற்காலி நின்றது. அது யாருடைய நாற்காலி என்பது மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதன் முன் ஏதாவதொரு நாளில் கைகட்டி நின்றவர்களே அனைவரும். தேவசகாயம் அதில் உட்கார்ந்து, கைகளை நாற்காலியின் கைகள்மேல் வைத்துக்கொண்டு, பாடத் தொடங்கினான்.

மணியக்காரர் தம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து வெளியேறப் போகிறார், அவர் பின்னால் பாதி மண்டபம் போகும், நாடகம் கலையும், காலையில் தேவசகாயம் குழியில் நிற்பான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது துரை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் விழாக்களில் துரை எழுந்து நிற்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: முடிவில் ஆங்கில மன்னருக்காகப் பாடப்படும் ராஜ வாழ்த்து. அவர் எழுந்தால் அனைவரும் எழ வேண்டும். அவர் உட்காரும் வரை எவரும் உட்காரலாகாது. ஹாஜியார் எழுந்தார். வெளியேற எழுந்த மணியக்காரர் எழுந்தபடியே நின்றார். ராஜ வாழ்த்தின்போது கிராம அதிகாரி ஒருவர் புறமுதுகு காட்டிப் போவதென்பது நினைக்கவும் முடியாத காரியம். வரிசை வரிசையாக மண்டபம் முழுவதும் எழுந்தது. என் பக்கத்திலிருந்த சங்கீத ஆசிரியர் பதறிப்போய் ஆர்மோனியத்தில் ராஜ வாழ்த்தைத் தொடங்கினார். நான் துருத்தியின்மேல் பாய்ந்து அதை என் மார்போடு அணைத்துக்கொண்டேன். அது ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

தேவசகாயம் இவற்றில் எதையும் கவனிக்கவில்லை. கிறிஸ்தவக் கோயிலில் பாடும் கீர்த்தனையின் மெட்டில் என் கரடுமுரடான அடிகளை வைத்துப் பாடினான். அவற்றுக்கு இப்படியோர் அர்த்தம் உண்டென்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாட்டோ நீளம். முதற்பகுதி முடிந்ததும் மணியக்காரர் உட்காரப் பார்த்தார், துரை நிற்கிறார். இரண்டாம் பகுதி வந்தது. மூன்றாவது வந்தது. மணியக்காரர் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார். ஒரு வரியைக்கூட வெட்டமாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்காக என் வாழ்நாளில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை. அன்று மாலை நானே பாராட்டிக்கொண்டேன். செத்துக் கிடந்த ரங்கநாதனும் தூங்கிவிட்டான்.

நான் பின்சுவரைப் பார்த்தேன். அத்தனை தலைகளுக்கு அப்பால், கடைசி வரிசைப் பெஞ்சில், அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாவது மனிதராக யோபு உட்கார்ந்திருந்தார்.

இரவெல்லாம் அதைப் பற்றியே சிந்தித்தேன். மகன் அங்கே உட்கார, தந்தை இங்கே உட்கார, நடுவே ஓர் ஊர் நிற்கிறது: இதில் எத்தனை பொருள்! கேலிக் மன்றங்களில் பாணரின் தந்தைக்கு இருந்திருக்கக்கூடிய இடத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்கே குறிப்பு எடுத்தேன். விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். தேவசகாயத்தின் தேர்வு என்னவாயிற்று என்று கேட்கத் துணிவில்லை. ஆகவே, "நேத்து எல்லாரும் எழுந்து நின்னப்ப நீங்க மட்டும் உக்காந்தீங்களே, அது…" என்று தொடங்கினேன்.

"எத்த சொல்றீங்க?" யோபு பல் துலக்கிக்கொண்டிருந்தார். "காலெல்லாம் வலி சார். நாளெல்லாம் குழில நின்னவன். எல்லாரும் எழுந்தாங்க, பெஞ்சி காலியாச்சி, குந்தினேன்."

"வேற ஒண்ணும்…"

"பாட்டு நல்லா இருந்திச்சு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி." வாயைக் கொப்புளித்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார். "டேய், சார் வந்து நிக்கிறாரு, நீ இன்னும் இன்னா பண்ணிக்கினு கீற? மணியாவுது, பள்ளிக்கூடம் போ!"

துரை எதற்காக எழுந்தார் என்பதை நான் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "எங்கள் தீவில் இரங்கற்பாவை எவரும் உட்கார்ந்து கேளார்" என்றார். பிறகு, கதை கேட்கும் ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

தேவசகாயம் அவ்வாண்டு தேர்வெழுதித் தேறி, ஆசிரியப் பயிற்சி பெற்று, நாட்றம்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போனார். மணியக்காரர் அடுத்த சில ஆண்டுகள் விழாவுக்கு வரவில்லை. பையனை மட்டும் அனுப்பினார். எங்கள் பள்ளியில் வேடம் பங்கிடும் முறையில் அன்றிலிருந்து ஒரு மாற்றம் செய்தோம். தேர்ந்தெடுத்த வேடத்தை அறிவிப்பதற்கு முன் ஆசிரியர் மாணவனின் வீட்டுக்குப் போய், அது இன்ன வேடம், பக்கத்தில் நிற்பவர் இன்னார் என்று முழுவதையும் சொல்லி, விருப்பமா என்று கேட்க வேண்டும். மறுத்தால் காரணம் கேட்கக்கூடாது. அதன் பிறகு பலர் மறுத்தார்கள். நாங்கள் காரணம் கேட்கவில்லை.